நான் ஏறாத சன்ஷேடு

1.

இந்தக் கதை ஒரு "ஹா ஹா"விலிருந்து பிறந்தது. பெரிய தரிசனம், உள்ளொளி எதுவும் கிடையாது. பள்ளித் தோழர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு கேள்விக்கு நான் போட்ட பதில் அது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மதில்மேல் பூனை. அந்தப் பூனை இரண்டு வருடமாக இறங்க மாட்டேன் என்கிறது. இறக்கிவிடத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண் போட்டு எழுதுவதைப் பார்த்து இது ஏதோ நவீன உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் புத்தி. சலவை இயந்திரங்களோடு அட்டைப்பெட்டியில் வரும் கையேடுகளை எழுதுவது என் பிழைப்பு. "இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தவும்." "கதவு சரியாக மூடியிருப்பதை உறுதிசெய்யவும்." ஒருவரும் படிப்பதில்லை. படிக்காமலே இயந்திரத்தைக் கெடுத்துவிட்டு, கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார்கள். யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதிப் பழகியவனுக்குக் கதை எழுதுவது ஒன்றும் சிரமமில்லை.

2.

அடித்துப் போட்ட தொடக்கங்கள்:

[பள்ளிக்கூட மணி ஒலித்தபோது வானத்தில் ஒரு வெண்புறா—]

வெண்புறாவா? அந்தப் புறா என்ன நிறம் என்றே எனக்குத் தெரியாது. இந்தக் கதையின் சிக்கலே அதுதான்.

[தனிமை என்பது—]

இது அதைவிட மோசம். "தனிமை என்பது" என்று பேச்சை ஆரம்பிக்கிறவன் தனியாகத்தான் இருப்பான். அவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

3.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது, பல் டாக்டரம்மா பள்ளியில் எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்தவர் என்று. என் வாய்க்குள் குறடு இருக்கும்போது, "நம்ம குரூப்ல சேத்துடறேன், சரியா?" என்று கேட்டார். அந்த நிலைமையில் யார் மறுப்பார்கள்? தலையாட்டினேன்.

குழுவில் என் வணக்கத்துக்கு நாலைந்து கைகூப்பிய படங்கள் வந்தன. பிறகு, "யாருப்பா இது?" பிறகு, "எந்த செக்‌ஷன்?" பத்தாம் வகுப்பில் எடுத்த என் படத்தைத் தேடிப் போட்டேன். அதற்குப் பதிலே இல்லை. அவர்கள்மேல் தப்பில்லை. நான் சேட்டை செய்ததில்லை, முதல் மதிப்பெண் வாங்கியதில்லை, அடிகூட வாங்கியதில்லை. அந்த வருட முடிவில் அப்பாவுக்கு மாற்றல் வந்து ஊரை விட்டே போய்விட்டோம். கரும்பலகையைத் துடைத்த மாதிரி என்னைத் துடைத்துவிட்டிருந்தார்கள்.

மறுநாள், குழுவில் வங்கி வேலையில் இருக்கும் ஒருவன் எழுதினான்: "டேய், மூணாவது மாடி சன்ஷேடுல புறா புடிக்க ஏறினவன் நீதானே? ஹெட்மாஸ்டர் கீழ நின்னு தொண்டை கிழியக் கத்தினாரே!"

குழு சட்டென்று உயிர் பெற்றது. "அட, புறாவா நீ!" "புறா! எப்படிடா இருக்கே?" "உன்னால அன்னைக்கு கணக்குப் பரீட்சையே தள்ளிப் போச்சுடா, தெய்வமே!"

நான் "ஹா ஹா" போட்டேன்.

(குறிப்பு: மனைவி இருந்தாள். இப்போது இல்லை. சாகவில்லை, போய்விட்டாள். அது வேறு கையேடு. இங்கே சொல்ல வேண்டியது, வீட்டில் என்னைக் கூப்பிட ஆளில்லை என்பது மட்டும்தான்.)

அன்றிலிருந்து என் பிறந்தநாளுக்கு வாழ்த்துகளோடு புறா பொம்மைகள் பறந்து வருகின்றன. காய்ச்சல் என்றால், "புறாவுக்கு என்ன, ரெக்கை வாடிப்போச்சா?" என்று விசாரிக்கிறார்கள். சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்து, சாவி போட்டு, விளக்குப் போட்டு, செருப்பைக் கழற்றும்போது போன் அதிரும். "புறா, சாப்டியா?" அந்த ஒரு வரிக்காக மூன்றாவது மாடி என்ன, முப்பதாவது மாடியில்கூட ஏறியிருப்பேன்.

ஆனால் நான் ஏறவில்லை.

4.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். வேறு ஊர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். ஒருநாள் வாய் தவறிப் புறாக் கதையை அவளிடம் உளறிவிட்டேன்.

"அன்னைக்கு நீ பள்ளிக்கூடத்துக்கே போகலையேடா!" என்றாள். "பொன்னுக்கு வீங்கி வந்து ரெண்டு கன்னமும் பலூன் மாதிரி ஊதிக் கெடந்தே. நான்தானே ஸ்பூன் ஸ்பூனா தண்ணி ஊத்தினேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? நான் இல்லப்பான்னு சொல்லிட வேண்டியதுதானே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்லிட்டா அப்புறம் அங்க நான் யாருக்கா?"

"பிரஷர் மாத்திரை போட்டியா?" என்றாள். அவளுக்குப் பதில் தெரியாவிட்டால் மாத்திரைக்குப் போய்விடுவாள்.

நான் வராத ஒரு நாளை வைத்துத்தான் என் வகுப்பே என்னை ஞாபகம் வைத்திருக்கிறது. வந்த நாட்களில் ஒன்றுகூட எவருக்கும் நினைவில்லை. புறாவைத் திருப்பிக் கொடுத்தால் குழுவில் நான் மறுபடியும் "யாருப்பா இது?" ஆகிவிடுவேன். எனக்கு அது தாங்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தாங்காது.

5.

இப்போது உண்மையில் ஏறியவனைக் கொண்டுவர வேண்டும்.

அவன் பெயர் ஒல்லி. என்னோடு ஒரே பெஞ்ச். நானும் ஒல்லிதான், ஆனால் பட்டம் அவனுக்குத்தான் கிடைத்தது. இருவருக்கும் ஒரே முடிவெட்டு. பின்னாலிருந்து பார்த்தால் வாத்தியாரே தடுமாறுவார். வங்கிக்காரன் தடுமாறியதில் ஆச்சரியமில்லை.

ஒல்லி இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

(எச்சரிக்கை: உங்கள் முகச்சுளிப்பு எனக்குத் தெரிகிறது. சன்ஷேடில் நின்றவனைக் கிரேன் உச்சியில் உட்காரவைப்பது மலிவான வேலைதான். அவனைத் தையல்காரனாக்கி ஒரு வரைவு எழுதினேன். பஸ் கண்டக்டராக்கி இன்னொன்று. ஒட்டவில்லை. அவன் கிரேன்தான் ஓட்டுகிறான், நான் என்ன செய்ய?)

போன வாரம் பல் டாக்டர் அவனை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் குழுவில் சேர்த்தார். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு படம். "வணக்கம் நண்பர்களே."

"யாருப்பா இது?"

"எந்த செக்‌ஷன்?"

"சாரி பாஸ், சுத்தமா ஞாபகம் வரல. ஏதாவது க்ளூ குடு."

நான் அலுவலகத்தில் இருந்தேன். எதிரே புதிய மாடல் இயந்திரம் ஒன்று வெறும் துண்டுகளைத் துவைத்துக்கொண்டிருந்தது. அவனுடைய க்ளூ என் கையில் அல்லவா இருக்கிறது! இரண்டு வருடமாக அதைத் தின்றுகொண்டிருப்பவன் நான். ஒல்லி எழுதுகிறான் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. போச்சு, இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

வந்தது: "புறாவை எனக்கு நல்லாத் தெரியும். ஒரே பெஞ்ச். அவன் சன்ஷேடுல ஏறினப்போ நானும் கீழ நின்னு பாத்தேன்."

6.

மதிய இடைவேளையில் அவனைக் கூப்பிட்டேன். மேலே கிரேன் கேபினில்தான் இருந்தான். காற்று இரைந்தது.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"கீழ நின்னேன்னு. ஏறினது நீடா. எனக்குப் பொன்னுக்கு வீங்கி."

"அது எனக்குத் தெரியாதா? சாயங்காலம் உங்க வீட்டு ஜன்னல்ல வந்து நின்னு கதை சொன்னதே நான்தானே." சிரித்தான். பழைய சிரிப்புதான்.

"தப்புடா. ஏதோ ஒரு நேரம், வாயத் திறக்காம இருந்துட்டேன். இப்பவே குரூப்ல போட்டு உடைச்சிடறேன்."

"வேண்டாம்."

"ஏன்டா? உன்னோடது அது."

"நான் புறா புடிக்க ஏறலடா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, இறங்கி வருவதற்காக அவன் ஏறவில்லை. கையில் இருந்த டம்ளரை மேசையில் வைத்தேன்.

"புறா அப்புறமாத்தான் வந்துச்சு," என்றான். "நான் நிக்கறேன், அது பாட்டுக்குப் பக்கத்துல வந்து உக்காருது. கீழ எல்லாரும் கத்தறாங்க. எவனோ ஒருத்தன், 'டேய், புறா புடிக்கப் போறான்டா'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் அதுவே நல்லதாப் பட்டுச்சு. ஆமா, புறாதான்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"குரூப்ல பழசெல்லாம் தள்ளித் தள்ளிப் படிச்சேன். அந்தக் கதை உன் பேர்ல ஓடுது. படிச்சுட்டு நானும் சிரிச்சேன்டா, மொத மொதலா. நீ ஏறினதுன்னா அது வெறும் வேடிக்கை. நான் ஏறினதுன்னா வேற. அது உங்கிட்டயே இருக்கட்டுமே. எனக்காக."

7.

ஏன் ஏறினான்?

அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. உங்களுக்குக் காரணம் வேண்டும், எனக்குத் தெரியும். கதாசிரியன் என்ற முறையில் எழுதியும் பார்த்தேன். [அவன் அப்பா குடித்துவிட்டு—] [தோல்வி பயம் அவனை—] [ஒரு பெண்—] எல்லாமே எங்கேயோ கேட்டவை. எல்லாவற்றையும் அழித்தேன். கையேட்டின் கடைசியில் "பழுதும் காரணமும்" என்று ஒரு பக்கம் உண்டு. இயந்திரம் அதிர்கிறதா? கால்கள் சமமாக இல்லை. தண்ணீர் வடியவில்லையா? குழாய் மடங்கியிருக்கிறது. ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்தும் ஒன்றும் அறியாதவன் நான். அந்தப் பக்கத்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

8.

போனை வைக்கும் முன் ஒல்லி கேட்டான்:

"புறாவை விட்டுட்டு என்னைப் பத்தி வேற ஏதாவது ஞாபகம் இருக்காடா உனக்கு? இவங்ககிட்ட சொல்ற மாதிரி. சும்மா சின்னதா இருந்தாப் போதும்."

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வி. இரண்டு வருடத்துக்கு முன் நான் யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வி.

அன்று சாயங்காலமே குழுவில் எழுதினேன். அதை அப்படியே தருகிறேன்:

"ஒல்லியை உங்களுக்கு ஞாபகமில்லையா? எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தப்போ பாக்க வந்த ஒரே ஆள் அவன்தான். ஒட்டிக்கும், வெளியவே நில்லுன்னு அக்கா சொல்லிட்டா. தெருவுல நின்னுக்கிட்டே ஜன்னல் வழியா எனக்குக் கதை சொன்னான். கையை ரெக்கை மாதிரி அடிச்சு அடிச்சுக் காமிச்சான். சிரிச்சா கன்னம் வலிக்குது, நிறுத்துடான்னு கெஞ்சினேன். நிறுத்தல. முதல்ல இருந்து மறுபடியும் சொன்னான். தெருவிளக்கு போட்டப்புறம்தான் போனான்."

என்ன கதை என்று எழுதவில்லை. எந்த நாள் என்றும் எழுதவில்லை. யாராவது கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன், அவனும் மாட்டிக்கொள்வான். போனைக் கையில் பிடித்தபடி, ஒரு செருப்பை மட்டும் கழற்றி நின்றேன்.

பல் டாக்டர்தான் முதலில் வந்தார். "அய்யோ, ஆமா! இப்ப ஞாபகம் வருது. நானும் அந்த ஜன்னல்கிட்ட நின்னேனே!"

அவர் எங்கள் தெருவுக்கே வந்ததில்லை.

"அந்தப் பச்சை ஜன்னல்தானே?" என்றான் வங்கிக்காரன்.

எங்கள் ஜன்னலுக்கு வர்ணமே கிடையாது.

"கையை ஆட்டிக் கதை சொல்வானே, அவனா? டேய் ஜன்னல்! இத்தனை நாளா எங்கடா போய்த் தொலைஞ்சே?"

கொஞ்ச நேரம் கழித்து ஒல்லி பதில் போட்டான்: "ஹா ஹா."

9.

வரும் ஞாயிறு எல்லாரும் கூடுகிறார்கள். ஹால் பிடித்தாகிவிட்டது. "புறாவும் ஜன்னலும் சேர்ந்து நின்னு அந்த சன்ஷேடு கதையைச் சொல்லணும்" என்று டாக்டரம்மா உத்தரவு போட்டிருக்கிறார். ஆகவே கதைக்கு முடிவு தேவைப்படுகிறது.

முடிவு ஒன்று: நான் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறேன். [அடித்தாயிற்று. அது என்னுடைய உண்மை இல்லை, வாரி இறைப்பதற்கு.]

முடிவு இரண்டு: இருவரும் போகவில்லை. அவன் கிரேனில், நான் என் வீட்டில். [எனக்குக் கைவந்த முடிவு. அதனாலேயே வேண்டாம்.]

முடிவு மூன்று: நான் கதை சொல்கிறேன். ஹால் அதிரச் சிரிக்கிறது. ஒல்லியும் சிரிக்கிறான். அவன் முகம்—

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முகத்தை எழுதப் போனால், ஜன்னலுக்கு வெளியே நின்ற முகம்தான் வருகிறது. மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி நேரே என்னிடம்தான் வந்திருக்கிறான். எனக்கு அன்று வேடிக்கை மட்டும்தான் தெரிந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அந்தக் கைகள் இறக்கையாகத்தான் ஆடினவா, நடுங்கினவா? எத்தனை முறை திரும்பிப் பார்த்தாலும் கலங்கலாகத்தான் தெரிகிறது.

எங்கள் குழுவில் எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது. இல்லாத பச்சை வர்ணம்கூட வந்துவிட்டது. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு மட்டும் வராமல் போகுமா? நீங்களும் அன்று அங்கே இருந்தீர்கள். தெருவில், அவன் பக்கத்தில்தான் நின்றீர்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள்.

தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். அவன் கிளம்புகிறான். எனக்கு வெளியே வர அனுமதி இல்லை, அக்கா விடமாட்டாள். நீங்கள் கூடப் போங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள், அவன் வீடு வரைக்கும். அவன் உள்ளே போனதும் இங்கே வந்து எனக்கு ஒரு குரல் கொடுங்கள். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.