அமுதினியின் முதல் சொல்

கோவில்பட்டியில் ஒரு குழந்தை புதிதாக ஒரு சொல்லைப் பேசினால், வீட்டில் யாராவது ஒருவரின் வாயிலிருந்துதான் அதை எடுத்துக்கொள்ளும். பறிகொடுத்தவருக்கு அந்தச் சொல் மூன்று மாதத்துக்கு வராது. எதிர்வீட்டுப் பையன் பதினோரு மாதத்திலேயே தன் அப்பாவின் ‘தண்ணி’யை எடுத்துவிட்டான். அவர் காலிச் செம்பைக் கவிழ்த்துக் காட்டித்தான் வாங்கிக் குடித்தார். தெருவெல்லாம் போய்ப் பெருமையாகக் கவிழ்த்துக் காட்டினார்.

தங்கமாரியின் மகள் அமுதினிக்கோ இரண்டு வயது முடிந்தும் ஒரு சொல்கூட எடுக்கத் தெரியவில்லை. அவன் மனைவி முத்துச்செல்வி தினமும் காலையில் எழுந்ததும் எல்லாச் சொல்லையும் சொல்லிப் பார்ப்பாள். ஒன்றும் குறையாமல் இருக்கும். அழுவாள்.

அங்கன்வாடி டீச்சர் அமுதினியை மடியில் வைத்துப் பார்த்தார்.

“காது நல்லா கேக்குது. வீட்ல யாரு அதிகம் பேசுவீங்க?”

“நான்தான் டீச்சர். இவுக வாயே தொறக்க மாட்டாக.”

தங்கமாரி மதுரை பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருபவன், வீட்டில் தலையாட்டுவதோடு சரி.

“பிள்ளை உங்க வாயைத்தான் பாக்குது, சார். பேசுங்க. பதில் வரலைன்னாலும் பேசுங்க.”

அன்றிலிருந்து பேசினான். குளிப்பாட்டும்போது மூக்கு, முழங்கால். சோறூட்டும்போது பருப்பு, கரண்டி. முதலில் கூச்சமாக இருந்தது. வீட்டுச் சாமான்கள் தீர்ந்ததும் சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று தொடங்கினான். அமுதினி அவன் உதட்டில் விரல் வைத்துக் கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள், அவன் காக்கிச் சட்டை மாட்டும்போது, “மதுலை” என்றாள்.

“ஏங்க, உங்களுது போயிருச்சா?” என்று ஓடிவந்தாள் முத்துச்செல்வி.

தங்கமாரி வாயைத் திறந்தான். ‘ம’ வந்தது. மேற்கொண்டு காற்றுதான் வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு ஓவென்று அழுதான், நடுவில் சிரித்தான்.

ஆனால் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட வேண்டுமே. “விருதுநகருக்கும் அங்கிட்டு! திருமங்கலத்துக்கும் அங்கிட்டு!” என்று தொண்டை கிழியக் கத்தினான். ஒருவரும் ஏறவில்லை. டிரைவர் சண்முகையா பொறுத்துப் பார்த்துவிட்டு, “பிள்ளையக் கூட்டிட்டு வாப்பா,” என்றார்.

மறுநாள் அமுதினி அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்து, “மதுலை! மதுலை!” என்று கூவினாள். பஸ் நிறைந்தது. சீர்வரிசைத் தட்டுகளோடு ஒரு கல்யாணக் கூட்டமும் ஏறியது. தங்கமாரி விசில் ஊதினான்.

திருமங்கலம் தாண்டியதும் இடதுபுறம், நேற்றுவரை இல்லாத ஒரு சாலை பிரிந்தது. சண்முகையா வளைத்தார். சற்று நேரத்தில் மதுலை வந்தது. அங்கே கோபுரங்கள் இடுப்பளவு இருந்தன. கல்யாணக் கூட்டம் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு இறங்கியது.

மண்டப வாசலில் பெண்ணின் அப்பா கைகூப்பி நின்றிருந்தார். “வாங்க, வாங்க. பத்து நிமிசம் லேட்டு,” என்றார்.