லிங்கன் சிலையடியில்

“வேர்ஜினியாவில இருந்து கப்பலில மண் கொண்டுவந்து, அதை இவரின்ர காலுக்குக் கீழ கொட்டினபிறகுதான்…”

“ஆர் சொன்னது?”

“…சிலையை நிப்பாட்டினவை. ஏனெண்டால் இங்கிலாந்து மண்ணில இனிமேல் கால் வைக்கமாட்டன் எண்டு வோஷிங்டன்…”

“ஆர் சொன்னது எண்டு கேக்கிறன், அண்ணை.”

“யோகமலர், என்னைச் சொல்லி முடிக்க விடும்.”

“முடிக்க முதல் சொல்லுங்கோ. மண் கொட்டினதை நீங்கள் கண்டனீங்களோ?”

“உது ஒரு கதை! எல்லாரும் சொல்லுற கதை!”

“அதைத்தான் நானும் கேக்கிறன். எல்லாரும் எண்டால் ஆர்?”

ட்ரஃபல்கர் சதுக்கத்தில், கலைக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் புல்தரையில் நாங்கள் பதினொரு பேர் நின்றோம். டூட்டிங் மூத்தோர் வட்டத்தின் வருடாந்தச் சுற்றுலா. போன வருடம் அரண்மனைகள் பார்த்தோம். இந்த வருடம் லண்டனில் அமெரிக்க ஜனாதிபதிமாரின் தடங்கள். ஏற்பாடு தியாகராஜா அண்ணை. ஊரில் சரித்திரம் படிப்பித்தவர், இங்கே முப்பது வருடம் தபால் பிரித்தவர். ஒவ்வொரு ஜனாதிபதிக்கும் ஒரு பக்கம் என்று அச்சடித்து, எல்லோர் கையிலும் தந்திருந்தார். வோஷிங்டன் வெண்கலத்தில் அசையாமல் நின்றார்.

“என்னங்க இது, காலையில டூட்டிங் ஸ்டேஷன்லேருந்து இப்படித்தான் மல்லுக்கட்டுறாங்க?” என்று நிர்மலா என் காதில் கேட்டாள். அவள் கும்பகோணத்துக்காரி, எங்கள் வட்டத்துக்கு வந்து ஒரு வருடம்தான். “அந்தம்மாவுக்கு ஜார்ஜ் வாஷிங்டன் மேல அப்படி என்ன கோபம்?”

“வோஷிங்டனில கோபமில்லை” என்றேன்.

“அப்ப அண்ணன் மேலயா?”

“நட நிர்மலா. சிக்னல் மாறுது.”

வைட்ஹோல் வீதியால் இறங்கி நடந்தோம். அடுத்தது பாராளுமன்றச் சதுக்கத்தில் நிற்கும் லிங்கன். அங்கே போகவேண்டாம், நேரே குறோவனர் சதுக்கத்துக்குப் போய் ரூஸ்வெல்ட்டைப் பார்ப்போம் என்று போன மாதக் கூட்டத்தில் நான் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். தியாகராஜா அண்ணையும் தலையாட்டினார். யோகமலர்தான் எழும்பி, “லிங்கன் இல்லாமல் என்ன அமெரிக்கா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இப்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோலியர்ஸ் வுட்டில் எனக்கு அடுத்த தெரு. இருபத்திரண்டு வருடமாக ஒரே கடையில் மீன் வாங்குகிறோம்.

“பெனிற்றா, மருமகள் இன்னும் போன் எடுக்கேல்லை.”

“எடுப்பாள்.”

“ஒன்பது நாள். காணாமல்போன என்ர பிள்ளைக்கு மரணச் சேட்டிபிக்கேற் எடுக்கவேணும். கையெழுத்து வைக்கிறன், ஆனால் ஒண்டு மட்டும் சொல்லுங்கோ மாமி எண்டு கேட்டவள். கூட இருந்த சனம் எல்லாம் நந்திக்கடலுக்குள்ளால நடந்து வெளியில வந்தது, இவர் மட்டும் ஏன் நிண்டவர் எண்டு. நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். நான்தான் நிக்கச் சொன்னனான் எண்டு.”

“உனக்கு விசர்.”

“பதினாறு வருசம் விசரில்லாமல் இருந்து என்ன கண்டன்? அவள் கேட்டாள், ‘உங்களுக்கு ஆர் சொன்னது கப்பல் வருகுதெண்டு?’ நான், எல்லாரும் சொன்னவை எண்டன். ‘எல்லாரும் எண்டால் ஆர் மாமி?’ எண்டு கேட்டுப் போனை வைச்சவள்தான். ஒரு பேர் வேணும் அவளுக்கு. ஒரு பேர் குடுத்தால் என்னோட திரும்பவும் கதைப்பாள். எனக்கு இந்த உலகத்தில மிச்சம் அவளும் பேத்தியும்தான்.”

“பேர் தெரிஞ்சு என்ன செய்யப் போறாள்?”

“அது அவளின்ர விசயம். நான் இண்டைக்கு வாங்காமல் வீட்டை போகமாட்டன்.”

நான் குடையை விரித்தேன். மழை இல்லை.

லிங்கன் ஒரு கதிரையில் இருந்து அப்போதுதான் எழும்பியவர் போல, கதிரைக்கு முன்னால் தலையைக் குனிந்து நிற்கிறார். அந்தச் சிலையை எனக்கு மனப்பாடம். 2009 ஏப்ரலில் எங்கள் சனம் அந்தச் சதுக்கத்தில் நாட்கணக்காக இருந்தது. பிள்ளைகள், வேலையை விட்டுவந்த ஆண்கள், மூட்டுவலிக்காரக் கிழவிகள். சண்டையை நிறுத்து என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிறகு, ஆரோ ஒருவர் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பக் கத்துவோம். தியாகராஜா அண்ணையின் கையில் ஒலிபெருக்கி. யோகமலரின் கையில் போன். அவளுடைய மகன் சஞ்சயன் முள்ளிவாய்க்கால் பக்கம், கடற்கரையில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே. எப்போதாவது ஆரிடமாவது சற்றலைற் போன் வாங்கி மூன்று நிமிடம் கதைப்பான்.

தியாகராஜா அண்ணை தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார். “லிங்கனுக்கு நாலு ஆம்பிளைப் பிள்ளையள். அதில ஒருத்தன் வெள்ளை மாளிகையிலயே காய்ச்சலில செத்தவன். பதினொரு வயசு.”

“உடம்பு கிடைச்சதுதானே?” என்றாள் யோகமலர்.

அவர் தாளில் இருந்து கண்ணை எடுத்தார்.

“கிடைச்சது” என்றார் அவர்.

“அப்ப குடுத்துவைச்சவர். சரி அண்ணை, தாளை மடியுங்கோ. நீங்கள் அண்டைக்கு நிண்ட இடம் இது. அந்தா, அந்த விளக்குக் கம்பத்தடியில நான். ஸ்பீக்கரில சொன்னது நீங்கள். அமெரிக்கன் கப்பல் வருகுது, கரையில நிக்கிற சனத்தை ஏத்தும், ஜனாதிபதி சொல்லிப்போட்டார் எண்டு. அரை மணித்தியாலத்தில என்ர பிள்ளை போன் எடுத்தவன். ‘அம்மா, சனமெல்லாம் தண்ணிக்குள்ளால போகுது, நானும் போகட்டோ?’ எண்டு கேட்டவன். நான் என்ன சொன்னன் தெரியுமோ?”

“யோகமலர்…”

“‘நில்லு ராசா, கப்பல் வருகுது’ எண்டன். அவன் சிரிச்சவன் அண்ணை. சந்தோசத்தில சிரிச்சவன்.”

நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒன்றை எழுதிவிட வேண்டும்.

எங்கள் ஆட்கள் கெட்ட செய்தியை நேரே சொல்வதில்லை. ஆள் செத்துப் பெட்டியில் வைத்தபிறகும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குப் போன் எடுத்து, “அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்” என்றுதான் சொல்வோம். கேட்கிறவனுக்கு விளங்கும். விளங்கினாலும் பயணம் முடியும்வரை ஒரு சின்ன இடம் இருக்கும், மூச்சு விட. நானும் அப்படி வளர்ந்தவள். என் தகப்பன் செத்ததை எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த ஏப்ரல் நாளில், மத்தியானம், என் பெறாமகன், அக்காவின் மகன், வோஷிங்டன் நகரத்தில் இருந்து போன் எடுத்தான். அங்கே பெரிய ஆட்களைச் சந்திக்கப் போன குழுவில் அவனும் ஒருவன். “சின்னம்மா, ஒருத்தரும் வரமாட்டினம். கெஞ்சிப் பாத்தாச்சு. உங்கை நிக்கிற சனத்திட்டைச் சொல்லுங்கோ, தங்கட ஆக்களை எப்படியாவது நடந்து வெளியில வரச்சொல்லி. இண்டைக்கே.” போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நூறு முகம் என்னைப் பார்த்தது. எனக்கு அமெரிக்காவில் ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று நாளாகச் சாப்பிடாத யோகமலரின் முகமும் அதில் இருந்தது. ஒலிபெருக்கியோடு தியாகராஜா அண்ணை கிட்ட வந்தார்.

“என்னவாம் பெனிற்றா?”

“கப்பல் அனுப்புகினமாம்” என்றேன்.

“நிச்சயமோ? ஆர் சொன்னது?”

“என்ர பெறாமகன்.”

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் திரும்பத் திரும்ப ஓம் என்றேன். பிறகு அவர் ஒலிபெருக்கியைத் தூக்கினார். சனம் கட்டிப்பிடித்து அழுதது. ஒரு பின்னேரம் மூச்சு விடட்டும், நாளைக்கு மெல்லச் சொல்லுவோம் என்றுதான் நினைத்தேன். எங்கள் வழக்கத்தில் செத்தவருக்குத்தான் அது சரி. உயிரோடு, காலில் நின்று, போகட்டோ என்று கேட்கிறவனுக்கு இல்லை. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து பெறாமகன் ஒரு கலியாணத்துக்கு லண்டன் வந்தான். பந்தியில் தியாகராஜா அண்ணை அவனிடம், “தம்பி, அந்தக் கப்பல் கதை உமக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டார். அவன், “என்ன கப்பல்?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். தியாகராஜா அண்ணையும் என்னைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

“சொல்லுங்கோ அண்ணை” என்றாள் யோகமலர். “உங்களுக்கு ஆர் சொன்னது?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. லிங்கனுக்குப் பின்னால் இருந்த கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

“ஒருத்தரும் சொல்லாமல் எப்படி?”

“நான்தான். சனம் விழுந்து விழுந்து அழுதது. நானாத்தான் சொன்னனான்.”

“பொய்.”

“பொய்யில்லை. வேற ஆரையும் தேடாதையும். நான்தான்.”

நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறந்துதான் இருந்தது. எங்களோடு வந்தவர்களில் இரண்டு பேர் மெல்லத் தள்ளிப்போய், பேருந்து தரிப்பிடத்தைப் பார்க்கிறவர்கள் போல நின்றார்கள். “அண்ணன் இந்த மாதிரி பண்ற ஆளா?” என்று நிர்மலா மெதுவாகக் கேட்டாள். நான் குடையைச் சுருக்கினேன். திரும்ப விரித்தேன்.

யோகமலர் கைப்பையில் இருந்து போனை எடுத்தாள். வட்ஸ்அப்பில் மருமகளின் பெயரைத் தேடி, குரல் பதியும் இடத்தில் பெருவிரலை வைத்து அமத்தி, போனை அவருடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

“இதுக்குள்ள சொல்லுங்கோ.”

எழுபத்தெட்டு வயது மனிதர் தொப்பியைக் கழற்றினார்.

“தங்கச்சி, நான் தியாகராஜா. டூட்டிங்கில இருந்து. கப்பல் வருகுது எண்டு சொன்னது நான்தான். உங்கட மாமியில பிழையில்லை. அவ என்னை நம்பினதுதான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கேல்லை.”

“காணும்” என்றாள் யோகமலர். ஆனால் விரலை எடுக்கவில்லை. முகம் கொஞ்சம் இளகியிருந்தது, பதினாறு வருடத்தில் நான் காணாத மாதிரி. போனை என் பக்கம் நீட்டினாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.

“பெனிற்றா, நீ அண்டைக்கு இவருக்குப் பக்கத்திலதானே நிண்டனி. இவர் சொன்னது உண்மையெண்டு நீயும் ஒரு சொல் சொல்லு. உன்னை அவள் நம்புவாள்.”