பறவையின் மூன்றாம் படி

"விடாதம்மா, கடல் வந்துடுச்சு" என்றான் மகன். பாதி வார்த்தை உதட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவள் கட்டைவிரலை இன்னும் அழுத்தினாள். தலையணை மேல் கிடந்த கேம் கன்ட்ரோலரின் இடப்பக்கம், திசை திருப்பும் குமிழில் அவன் விரல்; வலப்பக்கம், பொத்தானில் அவள் விரல். அவளுக்கு அது இன்றும் ரிமோட்தான். டிவியில், பாறை விளிம்பிலிருந்து குதித்த வீரன் பறவையாகி இறக்கை விரித்தான். பொத்தானை விட்டால் மறுபடி மனிதனாகிவிடுவான். மனிதனாய்க் கடலில் விழுந்தால் கதை முடிந்தது.

லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கைகள் அவனுடையவை. காலில் தொடங்கிய நோய் மேலேறி, இப்போது இடது கட்டைவிரலை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. இந்த வாரம் தாண்டினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கேமில் மீன், மான், பறவை என்று மூன்று உருவங்கள். ரத்தினக் கற்களைச் சேர்த்து ஒவ்வொன்றையும் படிப்படியாக உயர்த்தலாம். மீனுக்கும் மானுக்கும் எல்லாப் படிகளும் வாங்கியாகிவிட்டது. பறவைக்கு மட்டும் மூன்றாம் படி பாக்கி என்றான். அது வந்துவிட்டால் ஒருமுறை அழுத்தினால் போதும், கரை இறங்கும்வரை பறவைதான்; பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

"அதை வாங்கித் தொலையேன்டா" என்று நேற்றுக்கூடக் கத்தியிருந்தாள். "அங்க சீருடை மூட்டை மூட்டையா தைக்காம கெடக்கு. நான் உன் பறவைக்கு ரெக்கை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"கல்லு பத்தலம்மா."

"உனக்கு என்னைக்குடா எது பத்திருக்கு? ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு மூணாவதுக்கு அழுதவன்தானே."

அவன் சிரித்தான். சிரித்தால் இருமல் வரும். வந்தது.

இப்போது கரை கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. பறவை ஒரு வட்டம் போட்டது. அதே வட்டத்தை மறுபடியும் போட்டது.

"நேரா போடா. ஏன் சுத்திக்கிட்டே இருக்கே?"

அவள் திரும்பவில்லை. மூக்குக் குழாயில் காற்று சீறிக்கொண்டிருந்தது. அதை உள்ளே இழுக்கும் சத்தம்தான் இல்லை. அவன் விரல் குமிழின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மருந்துக் கடைக்குப் போயிருந்த மூத்த மகள் வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் நெஞ்சில் கை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"அம்மா... கண்ணை மூடி விடும்மா."

"கை வேலையா இருக்குடி."

"அம்மா."

"விட்டா விழுந்துடுவான்."

மகள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு, தள்ளிக்கொண்டே போனார்கள்.

கடைசியில் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு விரலை எடுத்தாள். எடுத்த கையாலேயே மகனின் இமைகளை மூடினாள். தண்ணீரில் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். இறக்கைச் சத்தம்தான் கேட்டது.

"என்னடி, விழலையே?"

மகள் கீழே பார்த்தாள். "மூணாவது படி வாங்கி ரொம்ப நாளாச்சும்மா. மழைக்காலத்துலயே நான்தான் அமுக்கி வாங்கிக் குடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொல்லாதேன்னான். சொன்னா நீ எந்திரிச்சு தையல் மெஷினுக்குப் போயிடுவேன்னான்."

பறவை வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் போன் பண்ணட்டுமா?"

"பண்ணு."

மகள் வெளியே போனதும் அவள் மகனை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.