யாரும் குறை சொல்லவில்லை

கேபிளை மாற்றினேன். டிரைவை இணைக்கும் கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் செருகினேன். எதற்கும் அசையவில்லை. பர்னி ஊர்ச் சமூக வானொலியில் கணினிகளைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு. எங்களுடையது யூனிக்ஸ் வகை இயங்குதளம். போன மாதம் அதன் புதிய பதிப்பைப் போட்டேன். அன்றிலிருந்து, பழைய வட்டுகளைப் படிக்கும் டிரைவ் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. ஒரு பிழைச் செய்தியாவது காட்டியிருந்தால் பாதி வயிற்றெரிச்சல் மிச்சமாகியிருக்கும்.

அந்த வட்டுகளில் இருந்தது மெர்வ் பைபஸின் குரல். ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் கால்பந்து ஆட்டங்களை எங்கள் வானொலியில் காலமெல்லாம் வர்ணித்தவர். புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது மருத்துவமனையில் கடைசிக் கட்டம். பார்க்கப் போனபோது சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "என் குரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. ஒரு தடவ கேக்கணும்." கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இயங்குதளத்தின் மின்னஞ்சல் குழுவில் கேட்டேன். புது டிரைவ் வாங்கச் சொன்னார் ஒரு மேதாவி. புது டிரைவ் எதிலும் இந்த வட்டு நுழையாது என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். எந்தெந்த வன்பொருள் ஓடும் என்ற பட்டியலைப் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். பார்த்தேன். எங்கள் கார்டுக்கான நிரலைப் புதிய பதிப்பில் நீக்கியிருந்தார்கள். நீக்கியவன், இயங்குதளத்துக்கு நிரல் எழுதுபவர்களில் ஒருவனான லாயிட் டென்னி. பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாசேஜ் தின்றவன்.

நேராகப் போய்க் கதவைத் தட்டினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அத யாரும் வச்சிருக்கற மாதிரியே தெரியல, லோர்னா. ஒருத்தர்கூட குறை சொல்லல. அதான் தூக்கிட்டேன்."

"ஒழுங்கா ஓடிட்டு இருந்துச்சு, லாயிட். ஓடறதப் பத்தி எவன்டா குறை சொல்லுவான்?"

அவன் முகம் சிவந்தது. பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு என்னோடு வந்து வேறொரு கணினியில் நிறுவினான். அதுவும் லேசில் வழிக்கு வரவில்லை. மறுநாள் மதியம்தான் டிரைவில் விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் மெர்வ் வந்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போகிறது, நேர் நடுவே போகிறது என்று தொண்டை கிழியக் கத்தினார். எனக்கு அழுகை வந்தது.

நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய மகள் போன் செய்தாள். அப்பா காலையிலேயே போய்விட்டாராம். போனை வைத்தபோதும் அவர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டுதான் இருந்தார். லாயிட் ஒலியைக் குறைக்கக் கையை நீட்டினான். தட்டிவிட்டேன்.

ஆட்டம் முடியும்வரை கேட்டோம். பிறகு, நிரலைத் திரும்பச் சேர்த்துவிடுவதாகச் சொன்னான். குழுவில் காரணம் கேட்பார்களாம்.

"எத்தன பேருக்கு வேணும்னு எழுதட்டும்?"

"காலைல வரைக்கும் ரெண்டு பேரு," என்றேன். "இப்ப நான் மட்டும்தான். எழுதிக்கோ."