கத்தலினா தீவிலிருந்து ஒரு கிலுக்கு

சில விஷப் பாம்புகளின் வால்நுனியில் கிலுகிலுப்பை போலச் சத்தமிடும் கிலுக்கைக் கித்தாருக்குள் போட்டால் நாதம் கூடும் என்பது அந்தக் கடற்கரைப் பாட்டுக்காரர்களின் நம்பிக்கை. அதனால்தான் ஒப்துலியா, "கத்தலினா தீவுப் பாம்போட கிலுக்கு ஒண்ணு என் கித்தாருக்கு வேணும். கொண்டா, உன்னையே கட்டிக்கிறேன்" என்று ஃபெர்மினிடம் சொன்னபோது அவன் சந்தேகப்படவே இல்லை. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவள் அப்பா இசித்ரோவுக்குத்தான் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. அந்தத் தீவுப் பாம்புக்குக் கிலுக்கே கிடையாது, வால் மொட்டை. குப்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். சினலோவாவிலிருந்து புதிதாக வந்தவனுக்கு எங்கே தெரியப் போகிறது?

"பூ, இவ்வளவுதானா? நாளைக்கே போறேன் மாமா."

"மாமாவா? இன்னும் ஆகலடா. வாயை அடக்கு," என்றார் இசித்ரோ.

ஒப்துலியாவுக்கு அவனைப் பிடித்துத்தான் இருந்தது. அந்த வாய்தான் பயம். நெத்திலி பிடித்தாலும் சுறா என்பான். வெறுங்கையோடு வந்து உண்மையைச் சொன்னால் அன்றைக்கே சரி என்றுவிடுவாள். புளுகினால், அத்தோடு தலைமுழுகிவிடுவாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் வந்தான். வேடிக்கை பார்க்கக் குப்பமே இசித்ரோ வீட்டுப் பந்தலில் கூடிவிட்டது. கையிலிருந்த பையை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு கிலுக்கை எடுத்து ஆட்டினான்.

"என்னா சத்தம் போட்டுச்சு தெரியுமா? தீவே அதிர்ந்துபோச்சு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒப்துலியாவுக்கு மட்டும், இவ்வளவுதானா இவன் என்று அழுகையே வந்துவிட்டது.

"அந்தப் பாம்புக்குக் கிலுக்கே கிடையாது. இதை எங்க வாங்கின?"

"லொரேத்தோ சந்தையில," என்றான் அவன், அலட்டிக்கொள்ளாமல். "தீவுல பாறை பாறையாத் தேடினேன். பார்த்ததெல்லாம் மொட்டை வாலு. அப்பத்தான் புரிஞ்சுது, எல்லாருமாச் சேர்ந்து என் காதுல பூ சுத்தியிருக்கீங்கன்னு. பதிலுக்கு நானும் கொஞ்சம் விளையாடினேன். ஆனா வெறுங்கையோட வந்து நிஜத்தைச் சொன்னா, இந்த வாயை யாரு நம்புவீங்க? அதான் சாட்சியைக் கூட்டிட்டு வந்தேன்."

"சாட்சியா? எங்க?"

"உன் காலடியில, அந்தப் பையில. பாவம், அதுக்குச் சத்தம் போடத் தெரியாது."

வாய் கட்டிய பை மெல்ல நெளிந்தது.

முதலில் மேஜைமேல் ஏறியது இசித்ரோதான். தட்டுகள் பறந்தன, பந்தல் நொடியில் காலியானது. கித்தாரும் கையுமாகத் தானும் மேஜைமேல் ஏறி அப்பாவின் தோளைப் பிடித்து நின்ற ஒப்துலியாவுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை.

"அதை எடுத்த இடத்துலயே கொண்டு விடணும்," என்றாள்.

"நாளைக்கே விட்டுடறேன்."

"தனியாப் போகாத. நீ வந்து சொல்றதை யாரு நம்பறது? நானும் வரேன். அந்தக் கிலுக்கை இப்படிக் குடு."

வாங்கிக் கித்தாருக்குள் போட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்றார் இசித்ரோ, மேஜைமேல் நின்றபடியே. "முதல்ல பையை எடுங்க மாப்பிள்ளை."