மூன்று கேமராக்களும் ஒரு காலும்

முதல் கேமராவை மாட்டிய செவ்வாய்க்கிழமை கணக்கரின் இடது தோள் காணாமல் போனது. கூட்டத்துக்கு வந்து உட்காரும்போது இருந்தது, முடிந்து எழுந்தபோது இல்லை. சட்டையின் அந்தப் பக்கம் கொடியில் போட்ட துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. வலியில்லை, ரத்தமில்லை. எழுதுவது வலக்கை என்பதால் அன்றைய வேலையும் தடைபடவில்லை. கேமராவின் ஒயரைப் பிடுங்கிய பிறகு, மாலைத் தேநீர் வருவதற்குள் தோள் தன் இடத்துக்கு வந்துவிட்டது. தொட்டுப் பார்த்தவர்கள் சற்றுச் சில்லிட்டிருந்ததாகச் சொன்னார்கள். காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கேமரா குறுகலானது. கணக்கர் மேசையின் ஓரத்தில் உட்காருகிறவர். படத்துக்குள் அடங்காததை அறைக்குள்ளும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அந்தக் கருவி நினைத்திருக்கிறது. மலிவு ரகம் எதிலும் இப்படித்தான் கை வைக்கும்.

அது குழாய், வால்வு, இணைப்பு வளையங்கள் மொத்தமாக விற்கும் கடை. கீழே சரக்கு, மேலே அலுவலகம், அதற்குள் பத்தடிக்கு எட்டடியில் ஒரு கூட்ட அறை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், நடுவில் மேசை, சுற்றி நான்கு நாற்காலிகள். கடை மூன்று பேருக்குச் சொந்தம். பெரியண்ணன் மாதத்துக்கு இருநூறு சொற்களுக்கு மேல் பேசாதவர். அவருக்கு அடுத்தவரை ஊரே பாதிவிலை என்று கூப்பிட்டது. எதைக் கேட்டாலும் சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பிப்பார். பல் பிடுங்கப் போன இடத்திலும் அப்படி ஆரம்பித்து, மருத்துவர் பாதிப் பல்லைப் பிடுங்கிவிட்டு மீதிக்குப் பேச்சுவார்த்தை நடத்தியதாகச் சொல்வார்கள். மூன்றாமவள் தங்கை. மூன்று வருடம் முன்பு தொலைவில் ஒரு குளிர்ந்த நகரத்துக்குப் போய், தன்னந்தனியாக ஒரு கிளையைத் திறந்து, அதைக் காலூன்ற வைத்தவள்.

அந்த மூன்று வருடமும் அவள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கலந்துகொண்டது ஒரு செல்போனில். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருப்பார்கள். யாருக்காவது தாகமெடுத்தால் அவள் குப்புற விழுவாள். மேசையின் பலகைக்குள்ளிருந்து, "யாராச்சும் என்னத் தூக்கி நிறுத்துங்களேன்" என்று குரல் வரும். தூக்கி நிறுத்துவதற்குள் இரண்டு விஷயங்கள் முடிவாகியிருக்கும்.

முடிவான விதத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் எந்த முடிவும் மேசைக்கு மேலே எடுக்கப்பட்டதில்லை. எதிரே வாங்க வந்தவன் உட்கார்ந்திருக்கும்போது, என்ன விலைக்கு இறங்கலாம் என்று வாய்விட்டு ஆலோசிக்க முடியுமா? அப்பா காலத்திலேயே அது காலுக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருப்பவரின் காலில் ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் வேண்டாம். பாதத்தின் மேல் அழுத்தினால் வாயை மூடு. அண்ணன்மார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தவள் தங்கை. இந்தப் பக்கத்துத் தட்டை வாங்கி அந்தப் பக்கம் கொடுத்து, பிடிக்காத தட்டை நடுவிலேயே நிறுத்திவைத்து, பாதிக் கடையை அவள் முழங்காலுக்குக் கீழே நடத்தியிருக்கிறாள். அவள் போன பிறகு அண்ணன்மார் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று தங்கை ஒருமுறை கேட்டபோது பெரியண்ணன், "அதெல்லாம் விட்டாச்சு" என்றார். அந்த மாதத்தின் இருநூறில் இரண்டு சொற்கள் அப்படிச் செலவாயின. பொய்க்குப் போனவை அவை மட்டும்தான்.

ஒருநாள் குப்புற விழுந்த நிலையிலேயே தங்கை பேசினாள். "சின்னண்ணா, அந்த ரூம்ல நானும் உக்காந்திருக்கற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுங்க. இல்லேன்னா பங்கப் பிரிச்சுக் குடுத்துடுங்க, என் வழிய நான் பாத்துக்கறேன். போன்ல விழுந்து எந்திரிச்சு எனக்கு மூக்கே சப்பையாயிடுச்சு." அது உண்மைதான். அந்த வருடம் எடுத்த படங்களில் மூக்கு கொஞ்சம் தட்டையாகவே இருக்கிறது.

கருவி வாங்கும் வேலை பாதிவிலையிடம் வந்தது. விற்பவர் ஒரு அம்மாள். வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விற்றுப் பழகியவர், கேமராக்காரம்மா என்றால் வியாபாரிகளுக்குத் தெரியும். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெரிய ஹால்னா எதை மாட்டினாலும் ஓடிடுங்க. சின்ன ரூம்தான் ஆளக் கொல்லும்" என்றார். பாதிவிலை பாதியில் ஆரம்பித்தார். அந்த அம்மாளும் சளைத்தவரில்லை, பாதி விலைக்குப் பாதி ஆள் தெரிகிற கேமராவை முதலில் கொடுத்தார். கணக்கரின் தோள் போய் வந்த கதை அதுதான்.

இரண்டாவது கேமரா அகலமானது. சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்தாலும் எல்லாரையும் படத்துக்குள் இழுத்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். இழுத்தது. ஆனால் அத்தனை பேரையும் அடக்க அறை இடம் கொடுக்க வேண்டியிருந்தது. விசையைப் போட்ட கொஞ்ச நேரத்தில் சுவர்கள் ஓசையில்லாமல் விலகின, மேசை நீண்டது. பெரியண்ணன் ஒரு கோடியிலும் பாதிவிலை மறுகோடியிலுமாக, ஆற்றின் இக்கரையும் அக்கரையும் போலத் தெரிந்தார்கள். தேநீர் கொண்டுபோனவர் போய்ச் சேர்வதற்குள் அது ஆறிவிட்டது. கண்ணாடிச் சுவரில் மோதிய பேச்சு திரும்பி வர வெகுநேரமானதால், முற்பகலில் கேட்ட கேள்விக்கு எல்லாரும் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பதில் சொன்னார்கள். "எறும்புங்க கூட்டம் போடற மாதிரி இருக்கு. இதுல என் அண்ணன் எது?" என்று தங்கை கேட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றே கழற்றிக் கொடுத்திருப்பார்கள். இவர்கள் வியாபாரிகள். அதே வாடகைக்கு இவ்வளவு இடமா என்று பாதிவிலைக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. கீழே மூச்சுமுட்ட அடுக்கியிருந்த குழாய்ப் பெட்டிகளை மேலே ஏற்றச் சொன்னார். எழுபது பெட்டிகள் ஏறின, இன்னும் இடம் கிடந்தது. "விசைய யாரும் தொடக்கூடாது" என்று கதவில் எழுதி ஒட்டினார். வியாழக்கிழமை தெருவுக்கே மின்சாரம் நின்றது. விசையை யாரும் தொடவில்லை. அறை தன் பழைய அளவுக்கு மரியாதையாகத் திரும்பியது. பெட்டிகள் கதவு வழியாகவும், கதவு போதாமல் கண்ணாடிச் சுவர் வழியாகவும் வெளியேறின. வளைந்த குழாய்களைப் பிறகு வளைகுழாய் என்றே விற்றுத் தீர்த்தார்கள். நஷ்டமில்லை. புதுக் கண்ணாடிக்குக் கனமான திரைச்சீலை போட்டதில் பேச்சு மோதித் திரும்புவதும் நின்றது.

மூன்றாவதாக, தங்கையைக் காட்ட உச்சத்தில் மாட்டியிருந்த டீவியின் அடியில் வந்தது நீளமான ஒரு கருவி. கேமராவும் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் ஒன்றாகவே இருக்கும். யார் பேசுகிறாரோ அவர் பக்கம் தானே திரும்பி அவரைப் பெரிதாகக் காட்டும். பேசாதவர்களைப் பொருட்படுத்தாது. பொருட்படுத்தாது என்றால் முழுக்க. கணக்கர் பேசியபோது பாதிவிலையின் கைகளின் ஊடாகச் சுவர் தெரிந்தது. பாதிவிலை பேசியபோது கணக்கர் நீராவி போல ஆனார். அவர்கள் மாறி மாறிப் பேசித் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பெரியண்ணன்தான் பேசாதவராயிற்றே. கூட்டம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் அவருடைய நாற்காலியில் ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் அந்தரத்தில் நின்றது.

"பெரியண்ணன் வரலையா?" என்றாள் தங்கை. கண்ணாடி மேலும் கீழும் ஆடியது.

அன்று அவள் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அவள் கிளை இருக்கும் கட்டடத்தின் ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். விற்பனையைச் சொன்னாள், பக்கத்துக் கடை காலியாவதைச் சொன்னாள், அதையும் சேர்த்து எடுக்கலாம் என்றாள். சொல்லி முடித்ததும் அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேமரா பெரியண்ணனின் நாற்காலியைத் தாண்டி, பாதிவிலையைத் தாண்டி, ஆள் தேடிக் கழுத்தைத் திருப்பியது. பிறகு சட்டென்று குனிந்தது. மேசையும் பேசாத பொருள்தானே, அதுவும் மறைந்துபோனது. திரை முழுக்க, தெள்ளத்தெளிவாக, பெரியண்ணனின் வலது கால் நிறைந்தது. கட்டைவிரல் நகத்தில் பழைய குழாய் விழுந்த கறுப்புகூடத் தெரிந்தது. அந்தக் கால் பாதிவிலையின் காலை இரண்டு முறை தட்டியது.

"யோசிச்சுச் சொல்றோம்மா" என்றார் பாதிவிலை.

கேமரா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த அறையில் பேசியது யார் என்று அதற்குத் தெரியும். தங்கையும் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "விட்டாச்சுன்னு சொன்னீங்களேண்ணா" என்றாள். அத்தோடு திரை கறுத்தது.

அடுத்த செவ்வாயும் அதற்கடுத்த செவ்வாயும் அவள் வரவில்லை. பங்கு பிரிக்க என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கணக்கரிடம் மட்டும் விசாரித்தாள். அப்பா தொடங்கிய கடை இரண்டாகப் போகிறது என்று தெருவில் பேச்சாகிவிட்டது. பெரியண்ணன் பேசாமலே இருந்ததால், கருவி அணைந்திருக்கும்போதுகூட விளிம்புகளில் லேசாகக் கலங்கத் தொடங்கினார். வீட்டில் அண்ணி சோறு போட வந்து அவர் எங்கே என்று தேடினார். அப்புறம் ஒரு காலையில் அவரே கிளம்பி, யாரையும் அனுப்பாமல், கேமராக்காரம்மாளின் கடைக்குப் போனார்.

"கால் வர்ற மாதிரி ஒண்ணு வேணும்."

"கேமராவக் கீழ இறக்கணுங்களா?"

"என் கால் இல்லம்மா. அவ கால்."

அந்த அம்மாள் எத்தனையோ விதமான வாடிக்கையாளரைப் பார்த்தவர். சிரிக்கவில்லை. "கால் வர்றதுக்குன்னு மெஷின் இன்னும் வரலீங்க. இருக்கறதே போதும், ஆனா மாட்டின விதம் தப்பு. டீவிய உச்சத்துல மாட்டி வச்சிருக்கீங்க, அவங்க என்ன ஒட்டடையா? கழட்டி மேசையோட தலைமாட்டுல, உக்காந்த ஆளோட கண்ணு மட்டத்துக்கு இறக்குங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. கீழ அட்டைப் பெட்டி அடுக்காதீங்க, ஒரு ஆளுக்கு உண்டான இடத்த அப்படியே விடுங்க. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்." விலை சொன்னார். பெரியண்ணன் பேரம் பேசாமல் கொடுத்தார். பாதிவிலை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

எல்லாவற்றையும் சொன்னபடி மாற்றிவிட்டு, பெரியண்ணனே தங்கையைக் கூப்பிட்டார். ஒரே ஒரு கூட்டத்துக்கு வா, பிறகு உன் இஷ்டம் என்றார். வந்தாள். முகம் இப்போது அண்ணன்மாருக்கு நடுவில், அவர்கள் உயரத்திலேயே இருந்தது. சுற்றி வளைக்காமல் ஒப்பந்தத்தை எடுத்தாள். "புதுப்பிக்கலாமா, வேண்டாமா?"

பழக்கத்தை யார் விட்டார்கள். பெரியண்ணனின் கால் பாதிவிலையை நோக்கி மேசைக்கடியில் நீண்டது. பாதி வழியில், காலியான இடத்தில், வேறொரு கால் அதை மறித்தது. பிறகு அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பில் பளீரென்று இரண்டு தட்டு. "அம்மா" என்றார் பெரியண்ணன். பாதிவிலை குனிந்து பார்த்தார், கடைசி நாற்காலியிலிருந்த கணக்கர் எதற்கும் இருக்கட்டுமென்று கால்களை மேலே தூக்கிக்கொண்டார். கீழே ஒன்றுமில்லை. திரையில் தங்கை கண் சிமிட்டாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாயால சொல்லுங்கண்ணா."

பெரியண்ணன் காலைத் தடவிக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் முகம் மங்கத் தொடங்கியது. கரைந்துபோவதற்குச் சற்று முன்னால்தான் பேசினார். "கடை நல்லாத்தாம்மா ஓடுது. ஓடாதுன்னு நான் எப்ப நெனச்சேன்? அதை மூடிட்டா நீ திரும்ப இங்க வந்து உக்காருவேன்னு நெனச்சேன்." கேமரா அவர் பக்கம் மெல்லத் திரும்பியது. அவர் ஒரேயடியாகத் தெளிவானார், தாடியில் வெட்ட மறந்த மயிர்வரை.

"வந்து உக்காந்துதானண்ணா இருக்கேன்" என்றாள் தங்கை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, பக்கத்துக் கடையும் சேர்ந்தது. பெரியண்ணனின் காலில் நாவல்பழ நிறத்தில் இருந்த வீக்கம் பத்துப் பதினைந்து நாளில் வடிந்தது. அதற்குப் பிறகு விஷயங்களை வாய்விட்டே பேசுகிறார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் முக்கால்வாசி இன்னும் கீழேதான் நடக்கிறது, மூன்று பேருக்கும் போய்ச் சேருகிறது. வருடங்கள் ஓடிவிட்டன. தெருவில் பல கடைகளில் இப்போது இப்படிப்பட்ட சின்ன அறைகள் வந்துவிட்டன. கேமராக்காரம்மாள் அளவெடுக்க வந்தால் முதலில் கேமரா எத்தனை அகலம் பிடிக்க வேண்டுமென்று பார்க்கிறார், பிறகு கையைத் தட்டி எதிரொலி கேட்கிறார், பிறகு மேசைக்கடியில் குனிந்து, தொலைவிலிருந்து கலந்துகொள்பவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துத் தலைக்கு ஒன்றரை அடி ஒதுக்குகிறார். நெட்டையானவர்கள் என்றால் இரண்டடி. அந்த அரையடியில் பேரம் பேச அவர் யாரையும் விடுவதில்லை.