ஏணிக்கம்பியை விட்ட விரல்கள்

தபால்காரருக்குத் தண்ணீரைக் கண்டால் தலைகால் புரியாது. உள்ளரங்க நீச்சல் குளத்தில் ஞாயிறுதோறும் அவர் மூச்சடக்குவார், மனைவி கைப்பேசியில் நேரம் பார்ப்பாள். இன்று மூன்று நிமிடத்தைத் தாண்டியே தீருவது என்று வீம்பு. கரையில் உட்கார்ந்து துருத்தி மாதிரி புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினார்.

உயிர்காப்பாளராக வேலை பார்க்கும் ஒல்லிப் பெண் கிட்டே வந்தாள். "அப்படி வேகவேகமா மூச்சிழுத்துட்டு முங்காதீங்கண்ணே."

"மீன்குஞ்சுக்கு நீச்சல் கத்துத்தர்றியாம்மா?" என்று சிரித்தபடி முங்கிவிட்டார். மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் தன்னை ஆயுளுக்கும் மன்னிக்கப் போவதில்லை.

அடியில் ஏணியின் கடைசிக் கம்பியைப் பிடித்தபடி அவர் அசையாமல் கிடந்தார். இரண்டு நிமிடம். இரண்டரை. வீட்டில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத மனுஷனா இவர்? முகத்தில் அப்படியொரு அமைதி. கண்ணெடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. மேலே வரப்போகிறார் என்று நினைத்தாள்.

பக்கத்தில் தண்ணீர் வெடித்தது. ஒல்லிப் பெண் குதித்திருந்தாள். தன்னைப்போல் இரண்டு மடங்கு கனமுள்ள ஆளை அவள் எப்படித்தான் கரையேற்றினாளோ. உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் நெஞ்சு தானாக எழுந்தது. மனைவி தெய்வத்தைக் கண்டவள்போல் அதையே பார்த்தாள். இருபது வருடமாகப் பக்கத்தில் படுத்திருந்தும் அந்த நெஞ்சு ஏறி இறங்குவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"நானும் அந்தக் கையைத்தாம்மா பார்த்துட்டிருந்தேன்," என்றாள் மனைவி.

"தானா விடுற கைக்கும் நழுவுற கைக்கும் வித்தியாசம் இருக்குக்கா," என்றாள் அந்தப் பெண். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லி அலுவலக அறைக்குக் குரல் கொடுத்தாள்.

தபால்காரர் இருமிக் கண் திறந்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து அவருக்குக் கோபம்கூட வந்தது.

"ஏம்மா இழுத்தே? எனக்கு மூச்சே முட்டலையே. சுகமாத்தானே இருந்துச்சு."

"முட்டாதுண்ணே. அப்படி மூச்சிழுத்துட்டுப் போனா, முட்டுறதுக்கு முன்னாடியே நினைவு போயிடும்."

அவர் முகத்தில் துளிப் பயமில்லை. மனைவிக்குத்தான் அப்போது உடம்பு நடுங்க ஆரம்பித்தது.